புல்லுக்கு ஏற்ற பசு

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டென்பதை நம் சங்கத்துக் குடும்பங்களிற் பிறந்த சிறுவரும் அறிவர். அச்செல்வத்தை எக்கோல் கொண்டு அளப்பது என்னும் வினாவுக்கோ எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்தும் ஒரே விடை இருந்ததில்லை. ஒரு நாட்டார் கறந்த பாலின் அளவைக் கண்டனர். ஒரு நாட்டார் அப்பாலில் திரளும் வெண்ணெயைக் கண்டனர். மற்றும் ஒரு சாரார் அப்பாலை உண்டாக்கிய புல் எவ்வளவு என்று கணக்கிட்டனர். அவரவர் கைக்கொண்ட அளவுகோலுக்கு ஏற்பவே, பல தலைமுறை கழித்து அவரவர் தொழுவத்தில் நின்ற பசுவும் அமைந்தது. நியூஜிலாந்து, அயர்லாந்து என்னும் இரு நாட்டு ஆவின வரலாற்றைக் கொண்டு இதனைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன்.

இக்காலத்து நம் ஊர்களில், கலப்பினப் பசு எதுவாயினும் அதனை ‘ஜெர்ஸி மாடு’ என்றே சுட்டுவது வழக்கமாய்விட்டது. நாள்தோறும் அப்பெயரைக் கூறுவோருள் அஃது ஓர் ஊர்ப்பெயர் என்று அறிந்தவர் சிலரே. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடைப்பட்ட கடலில், பிரெஞ்சுக் கரையை அடுத்துக் கிடக்கும் ஒரு சிறு தீவு ஜெர்ஸி. அதன் பரப்பு ஏறக்குறைய 118 சதுர கிலோமீட்டரே. நம் தாலுகாக்கள் பலவற்றினும் சிறியது. அத்தீவார் 1763-ஆம் ஆண்டிலும், பின்னர் இன்னும் கடுமையாக 1789-ஆம் ஆண்டிலும் சட்டஞ்செய்து, பிறநாட்டு மாடு தம் கரையேறாதவாறு தடுத்தனர். பிரெஞ்சு மாடுகளைத் தீவின் வழியே கொண்டுபோய், தீவு மாடுகள் என்று சொல்லி இங்கிலாந்தில் விற்றுவந்த வணிகரை அடக்குவதே அச்சட்டத்தின் நோக்கமாக இருந்தது. இனத்தூய்மை என்பது அதனால் விளைந்த பயன். கருதித் தொடங்கிய காரியமன்று. நிலம் குறுகிய தீவாகலின், பசுவை அவிழ்த்துவிட்டு மேய்ப்பதற்கு இடமில்லை. முளையடித்துக் கயிற்றிற் கட்டி, கயிறு எட்டும் வட்டத்துப் புல்லை மேயவிட்டுப் பின் முளையைப் பெயர்த்து நடுவர். இங்ஙனம் சிறிய உடலும், அமைந்த குணமும், கொழுப்பு மிக்க பாலும் உடைய ஓர் ஆவினம் அங்கே நிலைபெற்றது.

1834-ஆம் ஆண்டில் அத்தீவின் வேளாண் சங்கத்தார் நற்பசுவுக்கு இலக்கணம் வகுத்து, முகத்துக்கு இவ்வளவு, கொம்புக்கு இவ்வளவு, தோலுக்கு இவ்வளவு, மடிக்கு இவ்வளவு என மதிப்பெண் குறித்த பட்டியல் ஒன்று வெளியிட்டனர். நம் நாட்டில் சந்தைக்குப் போகும் பெரியவர்கள் சுழி பார்த்து மாடு பிடிப்பதை இப்பட்டியல் எனக்கு நினைவூட்டுகின்றது. சுழி சாஸ்திரத்தை இகழ்வது என் கருத்தன்று. மாட்டை உற்றுநோக்கும் பழக்கத்தை அது நம்மவர்க்கு ஊட்டியது. எனினும் கண்ணுக்கு அழகாய பசு வேறு, கலத்துக்கு உதவும் பசு வேறு என்பதை ஜெர்ஸித் தீவாரும் அறிந்துகொள்ளக் காலம் பிடித்தது. அவ்வறிவு முற்றியது அத்தீவிலன்று. உலகின் மறுகோடியிலுள்ள நியூஜிலாந்தில்.

அந்நாட்டில் மனிதர் கொண்டுவரும் முன் மாடு என்னும் பிராணியே இருந்ததில்லை. 1814-ஆம் ஆண்டில் சாமுவேல் மார்ஸ்டன் என்னும் பாதிரியார் ஆஸ்திரேலியாவிலிருந்து சில மாடுகளைக் கப்பலேற்றிக்கொண்டு வந்து அந்நாட்டின் வடகரையில் இறக்கினார். பின்னர் வந்து குடியேறிய ஆங்கிலேயர், உழவுக்கும் இறைச்சிக்கும் பாலுக்கும் ஒருங்கே உதவும் ஷார்ட்ஹார்ன் என்னும் குறுங்கொம்பு இனத்தையே பெரும்பாலும் வளர்த்தனர். ஜெர்ஸி மாடுகள் 1862-ஆம் ஆண்டில் அங்கே வந்தன. கருப்பும் வெள்ளையுமான பிரீஷியன் மாடுகள் 1884-ஆம் ஆண்டில் வந்தன.

இவ்விடத்து ஒன்றைச் சொல்லாது செல்லுதல் முறையன்று. இன்று பாலுக்குப் பேர்போன வைக்காட்டோ, தாரநாக்கி என்னும் பகுதிகளில் மிகுதியான நிலம், 1860-களில் நடந்த போர்களுக்குப் பின் மாவோரி மக்களிடமிருந்து அரசாங்கத்தால் பறிமுதல் செய்யப்பட்டதாகும். பெருங்காடுகள் தீக்கிரையாகிப் புல்வெளிகளாயின. அப்புல்வெளிக்கு இட்ட பாஸ்வர உரத்துக்காக நவ்ரு என்னும் சிறு தீவின் நிலம் வெட்டப்பட்டுப் பாழாயிற்று. மேய்ச்சல் நிலம் என்றவுடன் இறைவன் தந்தவாறே கிடப்பதொன்று என எண்ணற்க. அங்கே புல்லும் மனிதன் செய்த பயிரே. ரை என்னும் புல்லும் வெள்ளைக் குளோவர் என்னும் பயறினச் செடியும் கலந்து விதைத்து, உரமிட்டு, வேலி கட்டிக் காக்கப்படுவது அது.

இனி, நியூஜிலாந்தின் பால்தொழிலை உருவாக்கிய நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ‘டனீடின்’ என்னும் கப்பல், குளிரூட்டும் பொறியுடன் புறப்பட்டு, 98 நாள் கடலில் ஓடி, இறைச்சி கெடாமல் லண்டனை அடைந்தது. பன்னிரண்டாயிரம் மைல் தொலைவிலிருந்த சந்தைக்கு வெண்ணெயும் அனுப்பலாம் என்னும் துணிவு அதனாற் பிறந்தது. பாலைக் கப்பலில் அனுப்புதல் இயலாது; வெண்ணெயும் பாற்கட்டியுமே அனுப்பத்தக்கவை. ஆகவே அந்நாட்டு உழவனுக்குப் பால் என்பது வெண்ணெயைச் சுமந்துவரும் நீராகவே தோன்றிற்று.

ஆயினும் உழவர் பலர் ஒன்றுகூடி நடத்திய கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் பாலை அளவு பார்த்தே வாங்கினர். நீர் கலந்தவனுக்கும் நல்ல பால் ஊற்றியவனுக்கும் ஒரே விலை. இவ்வநீதியைத் தீர்த்தவர் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து ஆசிரியராகிய ஸ்டீபன் பாப்காக் என்பவர். 1890-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முறை மிக எளியது. ஒரு சிறு குப்பியிற் பாலை அளந்து விட்டு, கந்தகத் திராவகம் சேர்த்து, சுழலும் பொறியில் வைத்துச் சுற்றினால், கொழுப்பைத் தவிர ஏனையவை கரைந்து போக, கொழுப்பு மட்டும் குப்பியின் நீண்ட கழுத்தில் ஏறி நிற்கும். கழுத்திற் கீறிய கோடுகளைக் கொண்டு நூற்றுக்கு எவ்வளவு என்று படித்துவிடலாம். இம்முறைக்கு அவர் தனியுரிமை வாங்கிப் பொருளீட்ட முயலவில்லை. உலகத்தார் அனைவர்க்கும் விட்டுவிட்டார். இன்று நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் கொழுப்பும் ஏனைத் திடச்சத்தும் பார்த்து விலை தருகின்றார்கள் அல்லவா? கருவிகள் மாறியுள, கருத்து அதுவே.

கொழுப்புக்கு விலை என்று ஆனவுடன், நியூஜிலாந்தில் பசுவின் மதிப்பு தலைகீழாயிற்று. ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு கொழுப்புள்ள பாலைத் தரும் சிறிய ஜெர்ஸிப் பசு, குடம் நிறையக் கறக்கும் பெரிய பசுவினும் விலை பெற்றது. 1909-ஆம் ஆண்டில் வைராரப்பா பகுதியிலுள்ள டேல்பீல்டு என்னும் ஊரில், அரசாங்கப் பால்துறையைச் சேர்ந்த சிங்கிள்டன் என்பவரின் முயற்சியால், உழவர்கள் தங்கள் மந்தையிலுள்ள ஒவ்வொரு பசுவின் பாலையும் தனித்தனியே நிறுத்துச் சோதித்து எழுதிவைக்கும் வழக்கம் தொடங்கிற்று. இதனை அந்நாட்டு ஆவின வரலாற்றின் தலைவாயில் என்று நான் கூறுவேன். அதுகாறும், ‘என் லட்சுமி நன்றாய்க் கறப்பாள்’ என்று நம்மவர் கூறுவது போலவே அவர்களும் கூறிவந்தார்கள். எழுதிவைத்துக் கூட்டிப் பார்த்தபின், ஒரே தொழுவில் ஒரே புல்லைத் தின்னும் இரு பசுக்களுள் ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு வெண்ணெய் தருவதும் உண்டென்று தெளிந்தனர். அடுத்தபடியாக, எந்தக் காளையின் பெண்கன்றுகள் தம்மோடொத்த பிற கன்றுகளினும் மிகுதியாகக் கறக்கின்றன என்று நாடினர். காளை கறப்பதில்லையே, அதன் தகுதியை அதன் பெண்மக்களைக் கொண்டல்லவா அறிதல் வேண்டும்!

அந்நாட்டு மேய்ச்சல் முறையின் நுட்பத்தை ஈண்டுக் கூறினாலன்றிப் பின்வருவன விளங்கா. நியூஜிலாந்தில் மாடுகள் ஆண்டு முழுவதும் வெளியிலேயே கிடக்கும். குளிர்காலத்திற் புல் வளர்ச்சி குன்றும். வசந்தத்தில் வெள்ளம்போற் பெருகும். ஆதலின் மந்தையிலுள்ள பசுக்கள் யாவும் குளிர்காலக் கடைசியாகிய ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏறக்குறைய ஒருசேரக் கன்று ஈனுமாறு அமைத்துக்கொள்வர். பால் பெருகும் காலமும் புல் பெருகும் காலமும் ஒன்றாகும். புல் குறையும்போது எல்லாப் பசுக்களையும் ஒருங்கே வற்றவிட்டு ஓய்வு கொடுப்பர். விலைகொடுத்துத் தீவனம் வாங்க வேண்டுவதில்லை. பசுவே அரிவாளும் வண்டியுமாகிப் புல்லைத் தானே அறுத்துத் தானே சுமக்கும்.

இம்முறையில் பசுவுக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. பசு சினை சுமப்பது ஏறக்குறைய 282 நாள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் ஈன வேண்டுமாயின், 365-இல் 282 போக எஞ்சிய 83 நாளுக்குள் அது மீண்டும் சினையுற வேண்டும். ஈன்ற களைப்புத் தீர்ந்து கருப்பை பழைய நிலையடைய ஏறக்குறைய 40 நாள் கழியும். எஞ்சிய நாள்களில், 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் பசுவுக்கு இரண்டு வாய்ப்பே உண்டு. அவ்விரண்டையும் தவறவிட்ட பசு, எத்துணைப் பால் கறப்பதாயினும், அடுத்த ஆண்டில் புல்லின் காலத்தோடு பொருந்தாது, மந்தையினின்று கழிக்கப்படும். ஆகவே அந்நாட்டில் ஒருவர் விதித்துச் செய்யாமலே, புல்லின் பருவமானது, உரிய காலத்திற் சினைபிடியாத பசுவின் வழித்தோன்றல்களை ஆண்டுதோறும் நீக்கிக்கொண்டே வந்தது. மனிதன் வெண்ணெயை அளந்தான். நிலம் சினையை அளந்தது.

1943-ஆம் ஆண்டில் ஹாமில்டன் நகரை அடுத்த ருவாக்குரா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக வந்த மக்மீக்கன் என்பவர், இவ்வழக்கத்துக்குக் கணக்கு வடிவம் கொடுத்தவர். பசு ஒன்றுக்கு எவ்வளவு பால் என்று கேட்பதைவிட, ஏக்கர் ஒன்றுக்கு எவ்வளவு வெண்ணெய் என்று கேட்பதே தக்கது என அவர் வலியுறுத்தினார். ஏக்கருக்கு விடும் பசுக்களின் தொகையைக் கூட்டினால் ஒவ்வொரு பசுவும் சிறிது குறைவாகக் கறக்கும். ஆனால் வீணாகும் புல் குறைந்து, ஏக்கருக்குரிய மொத்தம் கூடும். இதனை அவர் பல ஆண்டுச் சோதனைகளால் நிறுவினார். பரிசு வாங்கும் பசுவை வைத்துப் பெருமை கொள்வார்க்கு இது கசப்பாக இருந்திருக்கும். ஆயினும் உழவன் விற்பது பசுவின் புகழையன்று. தன் நிலத்தின் விளைவையே.

அந்நிலையத்திலேயே மற்றொரு வியப்பான காரியமும் நடந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைக் கன்றுகளை நாடெங்குமிருந்து திரட்டி வளர்த்து, அவற்றைக்கொண்டு சோதனை செய்தனர். இத்தகைய இரட்டையர்க்குப் பிறப்பால் வரும் இயல்பு முழுதும் ஒன்றே. ஆகவே ஒன்றை ஒருவகையாகவும் மற்றொன்றை வேறுவகையாகவும் பேணினால், தோன்றும் வேறுபாடு வளர்ப்பினால் வந்ததென்று துணியலாம். ஹான்காக் என்னும் ஆராய்ச்சியாளர் இவ்விரட்டைப் பசுக்கள் மேய்வதை இரவும் பகலும் உடனிருந்து கவனித்து, மேயும் நேரம், அசைபோடும் நேரம் முதலியவற்றைக் குறித்தார். இரட்டையர் தமக்குள் ஏறக்குறைய ஒத்திருந்தனர்; ஓர் இணைக்கும் மற்றோர் இணைக்குமிடையே மிக்க வேறுபாடு காணப்பட்டது. மேய்வதில் ஊக்கமும் பிறவியிலேயே வருவதொன்று என்பது இதனால் விளங்கிற்று. தொட்டியில் தீவனம் கொட்டி வளர்க்கும் நாட்டார்க்கு இக்குணம் வேண்டப்படுவதன்று. புல்லை நம்பிய நாட்டார்க்கோ அதுவே உயிர்.

செயற்கைக் கருவூட்டல், அதாவது நம் ஊரார் ‘சினையூசி’ என்பது, அந்நாட்டில் 1950-களில் பரவலாயிற்று. அங்கும் புல்லின் பருவமே வழிகாட்டியது. நாட்டிலுள்ள பசுக்களெல்லாம் சில வாரங்களுக்குள்ளே சினையேற வேண்டியிருந்தமையால், சிறந்த காளையின் விந்து அக்குறுகிய காலத்தில் பேரளவில் தேவைப்பட்டது. 1960-களில் ஷானன் என்னும் அறிஞர், விந்தை உறைய வைக்காமலே சில நாள் உயிருடன் காக்கும் ஒரு கரைசலை நியூஸ்டெட் என்னுமிடத்திற் கண்டமைத்தார். அதனால் ஒருமுறை எடுத்த விந்தை மிகப் பல பசுக்களுக்குப் பகிர்ந்தளித்தல் கூடியது. சோதித்துத் தெளிந்த சில காளைகளின் குணம் சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவிற்று.

ஜெர்ஸியின் ஆட்சி என்றும் நிலைக்கவில்லை. வெண்ணெயோடு புரதத்துக்கும் பால்பொடிக்கும் விலை வந்த காலத்தில், பிரீஷியன் இனம் பெருகி 1970-களில் ஜெர்ஸியை விஞ்சியது. அதன் ஆண்கன்று இறைச்சிக்கு ஏற்றதாயிருந்ததும் ஒரு காரணம். பின்னர் இவ்விரண்டினையும் கலந்த கலப்பினமே மேலோங்கி, இன்று அந்நாட்டு மந்தைகளிற் பெரும்பங்கு அதுவே. இனத்தூய்மையைப் பெரிதும் பாராட்டுவார் இதனை விரும்பமாட்டார். ஆயின் உழவன் பதிவேட்டில் காளையின் குலப்பெயரினும் எண்களே பெரிதாயின.

அவ்வெண்களுள் தலையாயது 1996-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ‘இனப்பெருக்க மதிப்பு’ என்னும் குறியெண். ஜெர்ஸியாயினும் பிரீஷியனாயினும் கலப்பாயினும் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது அது. அதன் அடிப்படையை நம்மவர் கூர்ந்து நோக்க வேண்டும். இப்பசு எவ்வளவு கறக்கும் என்று அது கேட்பதில்லை. குறித்த நிறையுள்ள உலர்தீவனத்தை, முதலில் வகுத்தவாறு நாலரை டன்னை, இப்பசுவின் வழித்தோன்றல்கள் தின்றால் எவ்வளவு ஆதாயம் கிடைக்கும் என்றே கேட்கின்றது. ஆகவே கொழுப்புக்கும் புரதத்துக்கும் மதிப்பு கூட்டப்படும்; பாலின் நீரளவுக்கு மதிப்பு கழிக்கப்படும், நீரைச் சுமந்து சென்று வற்றச்செய்யும் செலவு உழவனையே சாருமாகலின். அதனினும் வியப்பு, பசுவின் உடல் நிறைக்கும் மதிப்பு கழிக்கப்படுவது. பெரிய உடலைக் காக்கவே பெரும்புல் செலவாகின்றதன்றோ! பருத்த பசுவைக் கண்டு மகிழ்வது உலகத்தியற்கை. பருமனைக் கடனாக எழுதிய கணக்கு இதுவாகும். 2002-ஆம் ஆண்டில் சினைபிடிக்கும் தன்மையும் இக்கணக்கிற் சேர்க்கப்பட்டது.

இஃது இங்ஙனமாக, வட அமெரிக்காவில் வேறொரு பசு உருவாயிற்று. மக்காச்சோளமும் சோயா மொச்சையும் மலிந்த நாடு அது. கொட்டிலில் நிறுத்தி, அடர்தீவனம் அளந்து போட்டு, பால் எவ்வளவு பெருகுமோ அவ்வளவும் பெருக்குவதே அங்கு நோக்கம். ஹோல்ஸ்டீன் இனத்தை அவ்வாறு தெரிந்தெடுத்து வளர்த்ததில், இன்று அந்நாட்டுப் பசு சராசரியாக ஆண்டுக்கு 10,000 கிலோவுக்கு மேற்பட்ட பால் கறக்கின்றது. நியூஜிலாந்துப் பசுவோ அதிற் பாதியும் கறப்பதில்லை. அமெரிக்கரின் அருஞ்செயலை நாம் குறைத்துப் பேசலாகாது. தம் நாட்டுத் தீவனத்துக்கேற்ற பசுவை அவர்கள் செய்துகொண்டார்கள்.

ஆயினும் ஒரு சில காளைகளையே நாடெங்கும் பயன்படுத்தியதன் தீங்கு அங்கே வெளிப்பட்டது. 1962-இல் பிறந்த சீப் என்னும் புகழ்பெற்ற காளைக்குப் பெண்கன்றுகள் மட்டும் 16,000; பேத்தியர் 5,00,000. அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபணுத் தொகுதியில் நூற்றுக்கு 14 பங்கு அவ்வொரு காளையினின்று வந்ததென்று கணித்திருக்கின்றனர். அக்காளையின் மரபணு ஒன்றில் மறைந்துகிடந்த ஒரு குறை, தாய்வழியும் தந்தைவழியும் ஒருங்கே வந்து கூடிய கருவைச் சிதைத்துவிடும். அதனால் உலகெங்கும் ஏறக்குறைய 5,00,000 கருக்கள் அழிந்தன என்று 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. நெருங்கிய உறவிற் பெண் கொள்ளும் வழக்கத்தைப்பற்றி நம் சங்கக் கூட்டங்களில் நிகழும் வாதங்களுக்கு இதனை உவமையாகக் காட்டுவார் காட்டுக. நான் மாட்டோடு நின்றுவிடுகின்றேன்.

இனி அயர்லாந்து. மழையும் பசுமையும் மிக்க அந்நாட்டிலும் வசந்தத்திற் பசுக்கள் ஈன்று புல்லை மேய்வதே மரபு. 1889-ஆம் ஆண்டில் லிமரிக் மாவட்டத்து டிரம்காலஹர் என்னும் ஊரில் ஹொரேஸ் பிளங்கெட் என்னும் பெரியாரின் ஊக்கத்தால் அந்நாட்டின் முதற் கூட்டுறவு வெண்ணெய்ச் சாலை தோன்றியது. முதலிற் குறுங்கொம்பு இனமும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனிலிருந்து வந்த பிரீஷியனும் அங்கே வளர்ந்தன. 1980-களிலும் 1990-களிலும், பால் மிகுதியை விரும்பிய அந்நாட்டு உழவர் வட அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்தை ஏராளமாக வருவித்துப் பயன்படுத்தினர். அக்காலத்து அந்நாட்டில் காளையை மதிப்பிட்ட குறியெண்ணும் பால் விளைவை மட்டுமே கருதியது. கணக்கில் ஆண்டுக்காண்டு ஏற்றமே காணப்பட்டது.

தொழுவிலோ வேறு காட்சி. பால் கூடியது, பசு மெலிந்தது. காரணம் இதுதான்: புல் பெரும்பாலும் நீர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிலோ பச்சைப்புல் மேய்ந்தாலும் அதில் உலர்பொருள் 17 கிலோ அளவே தேறும். அதற்குமேல் பசுவின் வயிற்றில் இடமில்லை, பகலில் நேரமுமில்லை. அடர்தீவனத்துக்கென்று உருவாக்கப்பட்ட பசு, தன் குருதியின் ஆணைப்படி பாலைச் சுரந்துகொண்டே இருக்கும். உண்டது போதாதபோது தன் உடற்கொழுப்பைக் கரைத்துச் சுரக்கும். அங்ஙனம் இளைத்த பசு பருவத்துக்கு வாராது; வரினும் சினை நில்லாது. முன்னே சொன்ன 83 நாள் கணக்கு அங்கேயும் உண்டன்றோ! ஈன்ற பசுக்களுள் முதல் ஊசியிற் சினைபிடிப்பவற்றின் விகிதம் ஆண்டுதோறும் சரிந்தது. நன்றாகக் கறந்த பசுக்களே சினையின்றி இறைச்சிக்கூடம் சென்றன. ஒரு தலைமுறைக்காலம் பணங்கொடுத்து வாங்கிய இரத்தம், வசந்தப் புல்லோடு ஒத்துப்போகவில்லை.

இவ்விடரை ஆராய்ந்தவர்கள் கார்க் மாவட்டத்தில் பெர்மாய் நகரை அடுத்துள்ள மூர்பார்க் நிலையத்தார். 2001-ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் அவர்கள் ஹோல்ஸ்டீன்–பிரீஷியன் இனத்திலேயே மூவகைப் பசுக்களை ஒரே இடத்தில் வளர்த்து ஒப்பிட்டனர். ஒன்று, மிகுபால் கருதித் தெரிந்த வட அமெரிக்க வகை. இரண்டாவது, அவ்வமெரிக்க வழியிலேயே நீடித்துழைக்கும் தன்மையும் கருதித் தெரிந்த வகை. மூன்றாவது, நியூஜிலாந்து வகை. ஒவ்வொரு வகைக்கும் புல் மிகுதியான முறை, அடர்தீவனம் மிகுதியான முறை, நிலத்துக்கு மாடு மிகுதியான முறை என்று மூன்று வகையாகத் தீவனம் கொடுத்தனர். முதல் வகைப் பசு அடர்தீவனம் கூட்டக் கூட்டப் பாலைக் கூட்டிற்று. எனினும் தீவனத்தைக் கூட்டியதால் அதன் சினைக்குறை நீங்கவில்லை. நியூஜிலாந்துப் பசு பால் அளவிற் குறைந்தது. கொழுப்பும் புரதமும் செறிந்த பாலைத் தந்தது. உடல் தளராது உரிய காலத்திற் சினையுற்றது. புல்லை நம்பிய பண்ணையில் வரவு செலவு கூட்டிப் பார்த்தபோது ஆதாயத்தில் முன்னின்றது அதுவே.

ஏறக்குறைய அதே காலத்தில் நியூஜிலாந்தாரும் ஒரு சோதனை செய்தனர். 1970-களின் தங்கள் பழைய பிரீஷியன் வகையையும், 1990-களின் தங்கள் புதிய வகையையும், அதே காலத்து வெளிநாட்டு வகையையும் ஒரே புல்வெளியில் விட்டனர். வெளிநாட்டுப் பசு உடல் மெலிந்து சினைபிடியாது தளர்ந்தது. அதனோடு, புதிய உள்நாட்டுப் பசு பழைய உள்நாட்டுப் பசுவினும் விளைவில் மேம்பட்டிருந்தது. இப்பின்னதை நான் முக்கியமாகக் கருதுகின்றேன். பழையதே நன்று என்று கண்ணை மூடிக்கொள்வார்க்கும் இதில் இடமில்லை. ஏற்ற அளவுகோலைக் கைக்கொண்டு தெரிந்தெடுத்தால், பால் கூடுவதும் சினை நிற்பதும் ஒருங்கே இயலும்.

அயர்லாந்தார் காலந்தாழ்த்தவில்லை. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் பழைய பால் குறியெண்ணைக் கைவிட்டு, ‘பொருளாதார இனப்பெருக்கக் குறியெண்’ என்பதனை மேற்கொண்டனர். பாலோடு, கன்று ஈனும் இடைவெளியும், பசு மந்தையில் நீடித்து நிற்றலும் அதிற் பணமதிப்புப் பெற்றன. பின்னர் ஈனுதலின் எளிமை, உடல் நலம் முதலியனவும் சேர்ந்தன. மரபணுவை நேரே படித்துக் கன்றுப்பருவத்திலேயே காளையைத் தெரியும் முறையும் 2009-இல் அங்கே வந்தது. அதன் பின்னரே சரிந்த சினைவிகிதம் மெல்ல நிமிரலாயிற்று. நினைவில் வைக்கத்தக்கது ஒன்று: கெடுதல் சில ஆண்டுகளில் நேர்ந்தது, அது வெளிப்பட ஒரு தலைமுறை ஆயிற்று, திருத்த மற்றொரு தலைமுறை வேண்டியிருந்தது. மாட்டின் தலைமுறைக்குக் குறுக்குவழி இல்லை.

புல்வெளிப் பசுவாலும் தொல்லைகள் இல்லாமலில்லை. ஐரோப்பியப் பால் வரம்பு 1984 முதல் இருந்து 2015-இல் நீங்கியபின் அயர்லாந்தில் மந்தைகள் பெருகின. பால் இனத்து ஆண்கன்றுக்கு விலையில்லாமை அங்கும் நியூஜிலாந்திலும் மனத்தை வருத்தும் காரியமாயிற்று. மாட்டு மூத்திரத்தின் நைட்ரஜன் நிலத்தடி நீரையும் ஆறுகளையும் கெடுக்கின்றது என்று நியூஜிலாந்தில் வலுத்த முறையீடு எழுந்துள்ளது. ஏக்கருக்குப் பசுவைக் கூட்டு என்ற மக்மீக்கன் கணக்கில் ஆற்றுநீருக்குப் பத்தி இருந்ததில்லை.

நம் நாட்டு நிலை வேறு. நம் தொழுவத்துப் பசுவுக்கு வசந்தப் புல்வெள்ளமில்லை. வைக்கோலும் சோளத்தட்டும் வரப்புப் புல்லும், கையிற் காசுள்ள மாதத்தில் பிண்ணாக்கும் தவிடுமே உண்டு. ஆகவே நியூஜிலாந்துக் காளையை இங்கே கொணர்க என்று நான் கூறவில்லை. அவர்கள் கணக்கு எழுதிய முறையைக் கொணரலாம். கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டபின் எறிந்துவிடும் உறைவிந்துக் குச்சியின்மேல் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். ‘ஜெர்ஸி போட்டார்கள்’ என்பதோடு நம்மவர் அமைந்துவிடுகின்றார்கள். எந்த ஜெர்ஸி என்று கேட்பாரில்லை. அந்த எண், ஊசி போட்ட நாள், ஈன்ற நாள், மறுமுறை சினைபிடித்த நாள், மாதம் ஒருமுறை நிறுத்த பால், அக்காலத்து இட்ட தீவனம் ஆகிய இவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தால் போதும். மாடு வைத்திருக்கும் உறுப்பினர்க்கு இத்தகைய நோட்டொன்றைச் சங்கத்தார் அச்சிட்டு அளிக்க இசைவராயின், அதற்குரிய பத்திகளைக் கோடிட்டு எழுதித்தருவதற்கு நான் ஆயத்தமாக இருக்கின்றேன்.